மலை ஊர்களில் சாலையும் குடிபெயர்வும்

(மலைப்பகுதி வளர்ச்சி குறித்து மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரை)

சமவெளியில் ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் உள்ள தொலைவைக் கிலோமீட்டரில் சொன்னால் போதும். மலையில் அது போதாது. கர்வாலிலோ குமாவோனிலோ உள்ள குடியானவரிடம் பஸ் நிற்குமிடம் எவ்வளவு தூரம் என்று வினவினால், இறங்க ஒரு மணி நேரம், ஏற இரண்டு மணி நேரம் என்ற முறையிலேயே விடை கிடைக்கும். ஒரே பாதைக்கு இரண்டு தூரங்கள் உண்டு. தலையில் சுமை இருந்தால் மூன்றாவது தூரமும் உண்டு. மலைப்பகுதிப் பொருளாதாரத்தைக் கற்க விரும்பும் மாணவர் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மலை ஊர்களில் மக்கள் தங்கி வாழ வேண்டுமாயின் அங்குச் சாலை அமைக்க வேண்டும் என்பது திட்ட ஆவணங்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வரும் கருத்தாகும். இக்கருத்து தவறானதன்று, ஆனால் முழுமையானதும் அன்று. உத்தராகண்டத்தின் அனுபவமே இதற்குச் சான்று. அம்மாநிலம் 2000 நவம்பர் 9 அன்று உருவாயிற்று. ஏழு வாரங்களுக்குள், அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று, பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் மலையெங்கும் புதிய சாலைகள் ஏறின. அதே பத்தாண்டுகளில், அதாவது 2001க்கும் 2011க்கும் இடையில், மாநிலத்தின் மக்கள்தொகை 84.89 இலட்சத்திலிருந்து 1.01 கோடியாக உயர்ந்தது. உதம் சிங் நகர், டேராடூன், ஹரித்வார் ஆகிய மூன்று மாவட்டங்களும் 30 சதவீதத்திற்கு மேல் பெருகின. ஆனால் பௌரி கர்வால் மாவட்டத்தில் 6,97,078 ஆக இருந்த மக்கள்தொகை 6,87,271 ஆகக் குறைந்தது. அல்மோராவில் 6,30,567 என்பது 6,22,506 ஆயிற்று. போரோ பஞ்சமோ கொள்ளைநோயோ இன்றி, பிறப்பு விகிதம் இறப்பு விகிதத்தை விஞ்சியிருந்த காலத்திலேயே இரு மாவட்டங்களின் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. சாலை வந்த காலமும் மக்கள் இறங்கிய காலமும் ஒன்றாக அமைந்தது ஏன் என்பது ஆராயத்தக்கது.

சக்கரம் வருமுன்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதை இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டது. 1884இல் காட்கோதாமுக்கும் 1900இல் டேராடூனுக்கும் ரயில் வந்து சேர்ந்தது. அதற்கு மேல் மனிதனின் முதுகும் கோவேறு கழுதையின் முதுகும்தாம் போக்குவரத்துச் சாதனங்கள். சக்கரம் செல்ல வழியில்லாத நாட்டில் அரசாங்கம் எவ்வாறு நடமாடியது என்பதை இங்குள்ள இளம் அலுவலர்கள் அறிந்திருப்பது நல்லது. சுற்றுப்பயணம் வரும் அதிகாரியின் கூடாரம், பெட்டி, சமையல் பாத்திரம் அனைத்தையும் ஊர் மக்களே சுமந்து அடுத்த தங்குமிடம் வரை கொண்டு சேர்க்க வேண்டும். 'கூலி பேகார்' என்று இதற்குப் பெயர். பெயரில்தான் கூலி இருந்தது. அதிகாரியின் பரிவாரத்திற்குப் பாலும் தானியமும் விறகும் அளிப்பதும் ஊரார் கடமையே. யார் முறை எப்போது என்பதைக் கிராமத் தலைவர்கள் பதிவேடுகளில் எழுதி வைத்திருந்தனர். தமிழகத்தில் பொங்கல் கொண்டாடப்படும் நாட்களை ஒட்டி பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழா நடைபெறும். 1921 ஜனவரியில் அத்திருவிழாவில் பத்ரி தத் பாண்டே முதலியோர் தலைமையில் மக்கள் அப்பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். அதன் பின்னர் அம்முறையை அரசு கைவிட நேர்ந்தது. போக்குவரத்து வசதியின்மையின் சுமை யார் முதுகில் விழுகிறது என்ற வினா மலைநாட்டில் அரசியல் வினாவாகவும் இருந்து வந்துள்ளது.

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரைப் பாதையின் வரலாறு இதனினும் வேறானது. யாத்திரிகர்கள் வாரக்கணக்கில் நடந்து சென்ற அப்பாதையில் சில மைல்களுக்கு ஒன்றாகச் 'சட்டி' எனப்படும் தங்கல்கள் அமைந்திருந்தன. தமிழ்ச் செவிக்கு அச்சொல் அடுப்பங்கரையை நினைவூட்டும். உண்மையிலும் அங்கு அடுப்புதான் முக்கியம். மாவும் பருப்பும் நெய்யும் கடைக்காரரிடம் வாங்கினால் சமைக்கப் பாத்திரமும் படுக்க இடமும் கிடைக்கும். சுற்றியுள்ள ஊர்களின் பாலும் தானியமும் விறகும் இச்சட்டிகளில் விலைபோயின. யாத்திரிகரின் பணம் பாதை நெடுகச் சிறிது சிறிதாகப் பரவியது. பிற்காலத்தில் மோட்டார் சாலை நீண்டு, நாட்கணக்கான நடை மணிக்கணக்கான பயணமாகச் சுருங்கியபோது, சட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. யாத்திரிகர் தொகை பன்மடங்கு பெருகிற்று. ஆனால் அவர்கள் செலவிடும் பணம் பஸ் நிற்கும் சில பட்டணங்களில் குவியலாயிற்று. நடுவிலுள்ள ஊர்கள் சன்னல் வழியே பார்க்கப்படும் காட்சியாயின.

1962க்குப் பின்

மூன்றாவது உலகமொன்று எல்லையோரத்தில் இருந்தது. மானா, நீதி, மிலம், தார்மா, வியாஸ் பள்ளத்தாக்குகளின் போட்டியா மக்கள் கோடையில் திபெத்துக்குச் சென்று தானியமும் வெல்லமும் துணியும் கொடுத்து உப்பும் கம்பளியும் வெண்காரமும் பெற்று வந்தனர். ஆட்டின் முதுகில் சிறு பைகளை ஏற்றிச் செல்லும் வணிகம் அது. 1962ஆம் ஆண்டுப் போருடன் கணவாய்கள் மூடப்பட்டன. லிபுலேக் வழியாகச் சிறிய அளவில் வணிகம் மீண்டும் தொடங்க 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்த மிலம் இடிந்த சுவர்களின் ஊராயிற்று. பாதை இருந்தும், அப்பாதையின் மறுமுனையில் சந்தை இல்லாவிடில் ஊர் நிலைக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

சந்தை மூடப்பட்ட அதே காலத்தில் சாலை வரத் தொடங்கியது ஒரு விந்தை. 1960இல் எல்லைச் சாலைகள் அமைப்பு நிறுவப்பட்டது. அதே ஆண்டில் உத்தரகாசி, சமோலி, பித்தோராகட் என மூன்று எல்லை மாவட்டங்கள் அமைக்கப்பட்டன. போருக்குப் பின் பணி விரைவு பெற்றது. இச்சாலைகள் படையின் தேவைக்காக வகுக்கப்பட்டவை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயின் எந்த நோக்கத்திற்காக அமைத்தாலும் சாலையில் எல்லா வகை லாரியும் ஓடும். அதுவரை வெட்டினாலும் கீழே கொண்டுவர இயலாது என்பதனாலேயே தப்பிய காடுகள் ஒப்பந்தக்காரருக்கு எட்டும் தூரத்தில் வந்தன. 1970 ஜூலையில் அலக்நந்தா பெருவெள்ளம் பாலங்களையும் பஸ்களையும் அடித்துச் சென்றபோது, மலைச்சரிவுகள் மொட்டையானதற்கும் வெள்ளத்திற்கும் உள்ள தொடர்பை ஊர் மக்கள் உணர்ந்தனர். 1973இல் மண்டல் கிராமத்திலும், 1974இல் கௌரா தேவியின் தலைமையில் ரேணியிலும் மரங்களைக் காக்க மக்கள் நின்றனர். சிப்கோ இயக்கத்தை வழிநடத்தியவர்களுள் ஒருவரான சண்டி பிரசாத் பட், இளமையில் மோட்டார் போக்குவரத்து நிறுவனமொன்றில் பயணச்சீட்டு எழுத்தராகப் பணியாற்றியவர். மலையிலிருந்து எது இறங்குகிறது, எது ஏறுகிறது என்பதைப் பார்க்க அதைவிட வாய்ப்பான இருக்கை வேறில்லை.

இரு திசைச் சாலை

பொருளியல் நோக்கில் சாலை என்பது செலவைக் குறைக்கும் சாதனம். ஊரில் விளைந்ததை வெளியே கொண்டுசெல்லும் செலவு குறைகிறது. வெளியே விளைந்தது ஊருக்குள் வரும் செலவும் குறைகிறது. மனிதன் வெளியேறும் செலவும் குறைகிறது. இம்மூன்றில் எது மேலோங்கும் என்பதைச் சாலை தீர்மானிப்பதில்லை. ஊரில் விற்பதற்கு என்ன இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

கர்வாலிலும் குமாவோனிலும் பெரும்பாலான ஊர்களில் விற்பதற்கு அதிகம் இருக்கவில்லை. கேழ்வரகு, குதிரைவாலி, கொள்ளு ஆகியவை வீட்டுக்கெனவே விளைந்தன. நிலம் சிறு சிறு படிகளாகச் சிதறிக் கிடந்தது. பாகப்பிரிவினை அதை மேலும் சிதறடித்தது. 1887இல் கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவு அமைந்த காலந்தொட்டே ஆடவர் வெளியே சென்று சம்பளம் அனுப்புவது வழக்கமாயிற்று. 'மணியார்டர் பொருளாதாரம்' என்ற பெயர் இதனால் வந்தது. சாலை வந்ததும் சமவெளி அரிசியும் கோதுமையும் நியாயவிலைக் கடை வரை வந்தன. பசித்தவனுக்கு அது நன்மையே. ஆனால் கேழ்வரகுக்காகப் படிநிலத்தை உழுது சாணம் சுமப்பதன் பயன் குறைந்தது. முதலில் தொலைவிலுள்ள நிலம், பின்னர் அருகிலுள்ள நிலம் தரிசாயின.

குடிபெயர்வின் தன்மையும் மாறிற்று. முன்பு ஆண் மட்டும் செல்வான்; மனைவியும் பெற்றோரும் நிலத்தோடு இருப்பர். 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு அல்மோராவில் 1,139 பெண்களும் பௌரியில் 1,103 பெண்களும் இருந்தமை இந்தப் பழைய முறையின் தடயமாகும். இப்போது குடும்பமே இறங்குகிறது. அருகிலுள்ள சாலையோரப் பட்டணத்தில், அல்லது கோட்துவாரிலோ ஹல்த்வானியிலோ ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தாய் பிள்ளைகளுடன் தங்கி, அவர்களைப் படிக்க வைக்கிறாள். விடுமுறைக்கு ஊர் சென்று வருவது பிள்ளைகள் வளர வளரக் குறைகிறது. சாலையிலிருந்து எட்டி இருக்கும் ஊருக்குப் பெண் கொடுக்கப் பெற்றோர் தயங்குகின்றனர். மணமகனின் நிலத்தைப் பற்றி முன்பு கேட்டவர்கள், இன்று தலைச்சுமையாக எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்று கேட்கின்றனர். விறகும் தீவனமும் தண்ணீரும் சுமப்பது பெண்ணின் வேலையாக இருக்கும் நாட்டில் அக்கேள்வி நியாயமானதே.

ஊருக்குள்ளேயே நிகழும் சிறு குடிபெயர்வு புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை. பழைய ஊர்கள் ஊற்றையும் வெயில் படும் சரிவையும் பார்த்து அமைந்தவை. பொறியாளரின் சாலையோ சரிவு விகிதத்தைப் பார்த்துச் செல்கிறது. ஆகவே அது பெரும்பாலும் ஊருக்கு மேலேயோ கீழேயோ கடந்து போகிறது. வசதியுள்ள குடும்பங்கள் சாலையோரம் வந்து கடையும் வீடும் கட்டுகின்றன. தண்ணீரும் நிலமும் கீழே, வீடு மேலே என்றாகிறது. பழைய ஊரில் எஞ்சியிருப்போர் தொகை குறையக் குறையக் காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை அழிப்பது மிகுகிறது. பத்துப் பேர் காவல் காத்த வயலை இரண்டு பேர் காக்க முடியாது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் பள்ளி மூடப்படுகிறது. ஒவ்வொரு குடும்பம் வெளியேறுவதும் எஞ்சியவர்கள் தங்குவதன் விலையை உயர்த்துகிறது. பிறகு கடைசியாக எஞ்சும் முதியவர் வீட்டைப் பூட்டுகிறார்.

ஆணையத்தின் கணக்கு

2017இல் உத்தராகண்ட அரசு குடிபெயர்வு குறித்து ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் தலைமையகம் மக்கள்தொகை குறைந்த பௌரியிலேயே வைக்கப்பட்டது பொருத்தமே. 2018இல் வெளிவந்த அறிக்கையின்படி, முந்தைய பத்தாண்டுகளில் 3,946 கிராமப் பஞ்சாயத்துகளிலிருந்து 1,18,981 பேர் நிலையாக வெளியேறியிருந்தனர். 6,338 பஞ்சாயத்துகளிலிருந்து 3,83,726 பேர் அவ்வப்போது ஊர் திரும்பும் முறையில் சென்றிருந்தனர். 2011க்குப் பின்னர் மட்டும் 734 ஊர்கள் ஆளற்றுப் போயின. சென்றவர்களில் ஏறத்தாழ 29 சதவீதத்தினரே வெளிமாநிலம் சென்றனர்; எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் அருகிலுள்ள பட்டணம், மாவட்டத் தலைநகர் அல்லது மாநிலத்தின் வேறு மாவட்டம் என்ற அளவில் நின்றுவிட்டனர்.

வெளியேறியதற்கான காரணங்களில் வேலைவாய்ப்பின்மை 50 சதவீதத்தையும், கல்வி 15 சதவீதத்தையும், மருத்துவம் ஏறத்தாழ 9 சதவீதத்தையும் பெற்றன. சாலை, குடிநீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளின் குறைவைக் காரணமாகக் கூறியோர் 4 சதவீதத்திற்கும் குறைவே. இதைக் கொண்டு சாலை முக்கியமன்று எனச் சிலர் முடிவு கட்டுவது அவசரம். வினாத்தாளில் காரணம் என்று எழுதப்படுவது கடைசியாக உள்ள காரணம். பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் வைத்து நால்வர் சுமந்து இறங்கிய குடும்பம் 'மருத்துவம்' என்று எழுதும். இடைநிலைப் பள்ளிக்கு மகள் காட்டு வழியே நடக்க வேண்டிய குடும்பம் 'கல்வி' என்று எழுதும். இரண்டிலும் சாலை மறைந்து நிற்கிறது. மறுபுறம், சாலை இருந்தும் மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அச்சாலை செல்லுமாயின், அடுத்த பயணம் டேராடூனுக்குத்தான். 2008இல் தொடங்கிய 108 அவசர ஊர்தி சாலை முடியும் இடம் வரை வரும். அதற்கு மேலுள்ள தொலைவு ஊராரின் தோளைச் சேர்ந்தது.

சாலை வேறு, வண்டி வேறு என்பதையும் திட்டமிடுவோர் மறந்துவிடுகின்றனர். பல ஊர்களில் பஸ் நாளுக்கு ஒரு முறை; மற்றபடி பங்கு ஜீப்தான். அது ஆள் நிறைந்தால்தான் புறப்படும். காலையில் இறங்கி, வங்கி வேலையோ தாலுகா வேலையோ முடித்து, மாலையில் திரும்ப இயலாது போனால் அந்தச் சாலை ஒருவழிச் சாலையே. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மலை ஊர்களுக்குத் திரும்பினர். வந்தவர்களில் கணிசமான பகுதியினர் சில மாதங்களிலேயே மீண்டும் இறங்கினர். அவர்களைக் கொண்டுவந்த சாலையே கொண்டும் சென்றது.

இமாசலத்தின் வேறுபாடு

அண்டை மாநிலமான இமாசலத்தில் அதே மலை, அதே மழை. ஆனால் அங்குள்ள பல பள்ளத்தாக்குகளின் வரலாறு வேறு. கோட்கட் பகுதியில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916 அளவில் நட்ட ஆப்பிள் வகைகள் மெல்ல மெல்ல ஒரு பொருளாதாரமாயின. ஆப்பிள் பெட்டி உரிய காலத்தில் தில்லிச் சந்தையை அடையாவிடில் அழுகும். ஆகவே சாலை எந்தப் பருவத்தில், எந்தத் தோட்டம் வரை வேண்டும் என்பதைத் தோட்டக்காரரே வற்புறுத்தினர். 1953ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம் உழுதவருக்கு நிலத்தில் உரிமை தந்திருந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண்மை செய்யாதவர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. அதனால் சாலை வந்ததும் சரிவுகள் வெளியூரார் கைக்குப் போவது தடைப்பட்டது. விற்பதற்குப் பொருளும், நிலத்தில் உரிமையும் இருந்த இடத்தில் சாலை வந்தமையால் இளைஞர் பலர் தோட்டத்திலேயே தங்கினர்.

லாஹௌல் பள்ளத்தாக்கு இன்னும் புதிய உதாரணம். ரோதாங் கணவாய் பனியில் மூடினால் ஆண்டில் ஏறத்தாழ பாதிக் காலம் அது துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. விதை உருளைக்கிழங்கும் பட்டாணியும் அங்கு நல்ல பணப்பயிர்கள். பனிக்கு முன் அவற்றை இறக்கியாக வேண்டிய நெருக்கடி ஒவ்வோர் ஆண்டும் இருந்தது. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை மணாலிக்கும் கேலாங்குக்கும் இடைப்பட்ட தொலைவில் 46 கி.மீ. குறைத்தது. குளிர்காலத்தில் நோயாளிக்கு ஹெலிகாப்டர் ஒன்றே வழி என்ற நிலை நீங்கியது. காலையில் வந்து மாலையில் திரும்பும் சுற்றுலாக் கூட்டமும் அது விட்டுச்செல்லும் குப்பையும் உடன் வந்தன.

மலையை வெட்டும் முறை

சாலை ஊரைச் சேர்கையில் ஊருக்கு என்ன செய்கிறது என்பதும் குடிபெயர்வோடு தொடர்புடையது. இயந்திரத்தால் சரிவை வெட்டி மண்ணையும் கல்லையும் கீழே தள்ளிவிடுவதே மலிவான முறை. தள்ளிய மண் கீழுள்ள படிநிலத்தின் மீதும் ஊற்றின் மீதும் விழுகிறது. ஊற்று மூடினால் ஊருக்கு நீரில்லை. அந்நஷ்டம் மதிப்பீட்டுப் படிவத்தின் எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை. நேபாளத்தில் பாதி வெட்டிப் பாதி நிரப்பி, ஆட்களைக் கொண்டு, சரிவில் புல்லும் செடியும் நட்டுப் படிப்படியாகச் சாலை அமைக்கும் முறை 1980கள் முதல் கையாளப்பட்டு வருகிறது. அது மெதுவானது, ஆனால் கூலி உள்ளூரிலேயே தங்குகிறது. அந்நாட்டில் ஆற்றின் குறுக்கே அமைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான நடைபாலங்கள், வண்டி வராமலேயே பள்ளிக்கும் சந்தைக்கும் உள்ள தூரத்தைப் பல மணி நேரம் குறைத்தன என்பதும் கருதத்தக்கது.

2016 டிசம்பரில் தொடங்கிய, சுமார் 890 கி.மீ. கொண்ட சார் தாம் நெடுஞ்சாலைத் திட்டத்தில் சாலையின் அகலமே வழக்காயிற்று. மலையில் 5.5 மீட்டர் போதும் என்ற வாதமும், எல்லைப் பாதுகாப்புக்கு இருவழி அகலம் வேண்டும் என்ற வாதமும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2021 டிசம்பரில் எல்லையோரச் சாலைகளுக்கு அதிக அகலம் அனுமதிக்கப்பட்டது. அதே திட்டத்தைச் சேர்ந்த சில்க்யாரா சுரங்கம் 2023 நவம்பர் 12 அன்று இடிந்து, 41 தொழிலாளர் 17 நாட்கள் உள்ளே சிக்கி மீண்டனர். வெளிமாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்களே அவர்களில் மிகப் பலர். மலைவாசி வேலை தேடி இறங்கிச் செல்லும் சாலையை அமைக்க, வேலை தேடியே வேறொருவர் மலையேறி வருகிறார் என்பது சிந்தனைக்குரியது.

250 பேர் விதி

கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர், மலை மாநிலங்களில் 250 பேர் என்று தகுதி வரம்பு வகுக்கப்பட்டது. இச்சலுகை நியாயமானதே. மலையில் நடைதூரம் 1.5 கி.மீட்டருக்குள் சாலை இருந்தால் அக்குடியிருப்பு இணைக்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்பதும் விதி. 1.5 கி.மீ. என்பது இறங்குகையில் ஒன்று, கட்டிலில் நோயாளியுடன் ஏறுகையில் வேறொன்று என்பதை விதி அறியாது.

இன்னொரு சிக்கல் இதனினும் ஆழமானது. தொடக்கத்தில் 2001 மக்கள்தொகை அடிப்படையாக இருந்தது. 2024 செப்டம்பரில் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கி.மீ. சாலை அமைக்க ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் 2011 மக்கள்தொகை அடிப்படையாயிற்று. 2001இல் 260 பேர் இருந்து, அப்போது முறை வராமல் போய், 2011இல் 240 ஆகக் குறைந்த ஊர் ஒன்றை எண்ணிப் பார்த்தால் போதும். சாலையின்மையால் இருபது பேர் சென்றனர். இருபது பேர் சென்றமையால் சாலை இல்லை. சமவெளியில் மக்கள்தொகை கூடிக்கொண்டே போவதால் இன்றில்லாவிடினும் நாளை தகுதி கிட்டும். மலையில் காலதாமதமே தகுதியைப் பறிக்கிறது. ஆகவே மலை மாவட்டங்களில் இரு கணக்கெடுப்புகளில் எது கூடுதலோ அதை ஏற்பது, அல்லது அருகருகே உள்ள சிற்றூர்களைச் சேர்த்து எண்ணும் தூரத்தை உயர்த்துவது ஆகிய இரண்டில் ஒன்றையேனும் கடைப்பிடிக்க வேண்டும். பின்னதற்கு முன்னுதாரணம் உள்ளது: பன்னாட்டு எல்லையை ஒட்டிய வட்டாரங்களில் 10 கி.மீ. நடைதூரத்திற்குள் உள்ள குடியிருப்புகளை ஒரு தொகுதியாகக் கொள்ள அத்திட்டமே இடமளித்தது. 2023 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற எல்லைக் கிராமத் திட்டமும் 4,800 கோடி ரூபாயில் 2,500 கோடியைச் சாலைக்கு ஒதுக்கி, குடிபெயர்வைத் தடுப்பதையே நோக்கமாக அறிவித்தது. எல்லைக்கு அருகில் ஏற்கப்பட்ட நியாயம் பௌரிக்கும் அல்மோராவுக்கும் ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவரை போதிய விடை அளிக்கப்படவில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குரிய நாளாக நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஆம் நாளும், உத்தராகண்டம், இமாசலம், ஜம்மு காஷ்மீர், லடாக் ஆகியவற்றின் பனிப்பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1ஆம் நாளும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. கோடையில் மேலூரிலும் குளிர்காலத்தில் கீழூரிலும் வாழும் குடும்பங்களும், பிள்ளைகளின் படிப்புக்காகப் பட்டணத்து வாடகை அறையில் இருக்கும் தாய்மார்களும் எந்த ஊரின் கணக்கில் எழுதப்படுவார்கள் என்பதைப் பொறுத்தே, அதற்குப் பின் வரும் கட்டங்களில் பல சிற்றூர்கள் 250 என்ற கோட்டுக்கு மேலோ கீழோ நிற்கும். அப்பட்டியல்களைச் சரிபார்க்கும் பொறுப்பு வட்டார அளவிலுள்ள அலுவலர்களுடையது.